பாசம் என்றால் கயிறு



சென்ற மாத வகுப்பு முடிந்து எல்லாரும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி என்னிடம் வந்தார். "அண்ணே, ஒரு சாமான விக்கணும். வாங்க ஆள் இருக்கு. ஆனா மனசு வரமாட்டேங்குது. இதத்தான் பற்றுன்னு சொல்றாங்களா? நம்ம சமயத்துல இதுக்கு என்னா சொல்லியிருக்கு?" என்று கேட்டார். நிலமாக இருக்கும், இல்லை பாட்டி நகையாக இருக்கும் என்று நினைத்தேன். அது பதினோரு அடி நீளத்தில் ஒரு சின்னப் பாய்மரப் படகு. பக்கத்தில் நின்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். "காடிய வித்துட்டு அழுதவன பாத்திருக்கோம், படகுக்கு அழறவன இப்பத்தான் பாக்கிறோம்" என்று ஒரு குரல். கேட்டவர் சிரிக்கவில்லை. மண்டபத்தைப் பூட்டும் நேரம் ஆகிவிட்டதால், இதழில் எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போடவில்லை.

முதலில் படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் அவர் மனசு நமக்குப் புரியாது.

அது 'மிரர்' வகைப் படகு. 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் டெய்லி மிரர் நாளிதழின் ஆதரவில் வந்தது. பிளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் பசை போட்டு ஒட்டி, வீட்டுப் பின்புறத்திலேயே கட்டிவிடலாம். பணக்காரர் விளையாட்டாக இருந்த பாய்மரம் சாதாரணக் குடும்பத்துக்கும் எட்டவேண்டும் என்பதுதான் நோக்கம். உலகம் முழுக்க 70,000க்கு மேல் கட்டப்பட்டிருக்கின்றன. பாய் சிவப்பு நிறத்தில் இருக்கும்.

தம்பியின் அப்பா துறைமுகத்தில் கிராணியாக வேலை பார்த்தவர். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் இந்தப் படகைப் பழையதாக வாங்கி, போர்ட்டிக்சனில் ஒரு கொட்டகையில் வாடகைக்கு வைத்திருந்தார். மாதத்தில் இரண்டு ஞாயிறாவது மகனை அழைத்துக்கொண்டு போய்விடுவார். நம்மவர்களில் பாய்மரம் ஓட்டுகிறவர் மிகக் குறைவு என்பது உங்களுக்கே தெரியும். உறவுக்காரர்கள் கேலி செய்திருக்கிறார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. சரஸ்வதி பூஜை, ஆயுத பூஜை வந்தால் எல்லாரும் காடிக்குப் பொட்டு வைத்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். அவர் விபூதியும் சந்தனமும் எடுத்துக்கொண்டு போர்ட்டிக்சனுக்குப் போய், படகின் முகப்பில் மூன்று கோடு போட்டு, பாய்மரத்துக்குப் பொட்டு வைத்துவிட்டு வருவார்.

மகனுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது கொஞ்சமல்ல. "காத்து கண்ணுக்குத் தெரியாதுடா, தண்ணியப் பாரு" என்பாராம். தூரத்தில் கடலின் மேல் ஓர் இடம் மட்டும் கருத்துச் சுருங்கி வந்தால், அதுதான் வரப்போகும் காற்று. விடியற்காலையில் மேற்கே சுமத்ரா பக்கம் மின்னல் வெட்டினால் அன்றைக்குப் படகை இறக்கக்கூடாது. மலாக்கா நீரிணையைக் கடந்து வருகிற அந்தப் புயல்காற்றுக்கு நம் மீனவர்கள் 'சுமத்ரா' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் கடலே மாறிவிடும்.

அப்பா காலமாகி நான்கு வருடம். அதற்குப் பிறகு படகு இரண்டே முறைதான் தண்ணீரில் இறங்கியது. தம்பிக்கு இப்போது வேலை, கல்யாணம், இரண்டு வயதில் ஒரு மகள், கிள்ளானில் அடுக்குமாடி வீடு. படகு கென்வாஸ் துணிக்குக் கீழே கிடக்கிறது. கொட்டகை வாடகை மாதாமாதம் போகிறது. அடிப்பலகையில் ஓர் இடத்தில் விரலை வைத்து அழுத்தினால் மெத்தென்று இருக்கிறது. மனைவி, "வைக்க இடம் இல்லங்க" என்கிறார். அம்மா, "அப்பா ஞாபகமா அது ஒண்ணாவது இருக்கட்டும்டா" என்கிறார். இதற்கிடையில் ஒரு மலாய்க்கார ஆசிரியர் வந்து பார்த்திருக்கிறார். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள், அவர்களுக்குக் கடலைப் பழக்கவேண்டும் என்று ஆசை. நியாயமான விலைதான் கேட்டிருக்கிறார். தம்பி, "ஒரு மாசம் டைம் குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

விஷயம் இதுதான். சிரிக்கிற விஷயமா, சொல்லுங்கள்?

இதற்கு இரண்டு சுலபமான பதில் உண்டு. ஒன்று: "எல்லாம் மாயை, பற்றை விடு, வித்துட்டுப் போ." இந்தப் பதிலைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அடுத்தவர் பொருளைப் பற்றித்தான் சொல்வார்கள். அவர்கள் வீட்டு வாசலில் பத்து வருடமாக ஓடாத புரோட்டோன் சாகா ஒன்று துணி மூடிக் கிடக்கும். இன்னொன்று: "அப்பா பொருள விக்கலாமா? பாவம்டா." இதைச் சொல்கிறவர்கள் யாரும் கொட்டகை வாடகை கட்டப்போவதில்லை. இரண்டு பதிலும் எனக்குத் திருப்தியில்லை. நம் சமயத்துக்கும் திருப்தியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

'பாசம்' என்ற சொல்லைப் பாருங்கள். வீட்டில் நாம் அதை அன்பு என்ற பொருளில் சொல்கிறோம். "அம்மா மேல ரொம்பப் பாசம்." ஆனால் சைவ சித்தாந்த வகுப்பில் பதி, பசு, பாசம் என்று படிக்கும்போது பாசம் என்றால் கயிறு. பசுவைத் தூணோடு கட்டி வைத்திருக்கிற கயிறு. எமன் கையில் இருப்பதும் அதுதான். நம் மொழியில் ஒரே சொல்லுக்குள் இரண்டும் இருக்கிறது. எங்கே அன்பு முடிகிறது, எங்கே கயிறு தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதுதான் சாமர்த்தியம்.

அந்தக் கயிற்றில் மூன்று புரி இருப்பதாகச் சொல்வார்கள்: ஆணவம், கன்மம், மாயை. இங்கேதான் நம் பிள்ளைகள் பலர் தடுமாறுகிறார்கள். மாயை என்றதும் 'பொய்த் தோற்றம்' என்று நினைத்துக்கொள்கிறார்கள். சித்தாந்தம் அப்படிச் சொல்லவில்லை. மாயை உள்பொருள். உடம்பு, கருவிகள், உலகம், அனுபவிக்கிற பொருள்கள் எல்லாம் அதிலிருந்துதான் உயிருக்குக் கொடுக்கப்படுகின்றன. எதற்கு? ஆணவ இருளில் கிடக்கிற உயிர் கொஞ்சமாவது பார்க்கவேண்டுமே, அதற்கு. விடிகிற வரைக்கும் கையில் ஒரு விளக்கு மாதிரி. அப்படிப் பார்த்தால் இந்தப் படகு ஒரு கெட்ட பொருளே இல்லை. ஒரு பையனுக்கு அது பயத்தைப் போக்கியது, பொறுமையைக் கொடுத்தது, அப்பாவைக் கொடுத்தது. விளக்கு தன் வேலையைச் செய்திருக்கிறது. அதைக் குறை சொல்ல நமக்கு என்ன இருக்கிறது?

கட்டுகிற புரி வேறே. அது ஆணவம். 'என்னுது' என்று சொல்கிறதே, அது. பெரியவர்கள் இதை அகப்பற்று, புறப்பற்று என்று பிரித்துச் சொல்வார்கள். 'நான்' என்பது அகப்பற்று, 'எனது' என்பது புறப்பற்று. புறப்பற்றை அறுப்பது சுலபம் மாதிரித் தெரியும், பொருளைக் கொடுத்துவிட்டால் போதும் என்று. ஆனால் தம்பியின் படகு விஷயத்தில் 'எனது' என்பதற்குப் பின்னால் 'நான்' ஒளிந்திருக்கிறது. "இந்தப் படகு போயிட்டா, அப்பாவோட கடலுக்குப் போன அந்தப் பையன் நான்தான்னு யாருக்குத் தெரியும்?" அவர் இப்படிச் சொல்லவில்லை, நான் ஊகிக்கிறேன். உங்களில் அப்பா அம்மாவை இழந்தவர்கள் இருந்தால், ஊகம் சரியா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்த இடத்தில் வழக்கமாக எல்லாரும் பாகவதத்தில் வருகிற பரத மன்னன் கதையைச் சொல்வார்கள். நாட்டைத் துறந்து கண்டகி நதிக்கரையில் தவம் செய்தவர், தாயை இழந்த மான்குட்டியை எடுத்து வளர்த்து, சாகும்போது அதையே நினைத்து மானாகப் பிறந்தார். "பாத்தியா, ஒரு மான்குட்டி மேல பாசம் வச்சதுக்கே இந்தக் கதி" என்று முடித்துவிடுவார்கள். எனக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. ஆற்றில் அடித்துப் போகிற குட்டியைத் தூக்கியது தவறா? விட்டுவிட்டுக் கண்ணை மூடி ஜபம் செய்திருந்தால் அவர் பெரிய ஞானியா? தூக்கியது கருணை. அது வளர்ந்த பிறகும், காட்டுக்குப் போனால் என்ன ஆகுமோ, எப்போது வருமோ என்று பூஜையை நிறுத்திவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாரே, அங்கேதான் கயிறு இறுகியது. மான் அவரைக் கட்டவில்லை. அது பாட்டுக்குப் புல் மேய்ந்துகொண்டிருந்தது.

படகுக்காரருக்குச் சொல்ல நம்மிடம் இன்னும் நெருக்கமான ஒருவர் இருக்கிறார். அறுபத்துமூவரில் ஒருவரான அதிபத்த நாயனார். நாகப்பட்டினத்துக் கடற்கரையில் நுளைப்பாடி என்ற குப்பத்தின் தலைவர், மீன் பிடிப்பவர். ஒவ்வொரு நாளும் வலையில் விழுவதில் நல்ல மீன் ஒன்றைச் சிவபெருமானுக்கு என்று சொல்லித் திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவார். நாள் முழுக்க ஒரே ஒரு மீன்தான் கிடைத்தது என்றாலும் அதையும் விட்டுவிடுவார். அப்படி ஒரு மீன் மட்டுமே விழுகிற நாள்கள் தொடர்ந்து வந்தன. செல்வம் போனது. வீட்டில் பட்டினி. கடைசியில் ஒரு நாள் ரத்தினங்கள் பதித்த பொன் மீன் ஒன்று வலையில் வந்தது. அன்றைக்கும் அது ஒன்றுதான். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அதையும் கடலில் விட்டார். இறைவன் காட்சி கொடுத்தார். நாகப்பட்டினத்து மீனவர்கள் இன்றும் ஆண்டுதோறும் தங்க மீனைக் கடலில் விட்டு அந்த விழாவைக் கொண்டாடுகிறார்கள்.

எல்லாரும் பொன் மீனைத்தான் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முன்னால் நடந்தது. வலை நிறைய மீன் இருந்த நாள்களிலேயே அவர் கையைத் திறக்கப் பழகிவிட்டார். தினமும் ஒன்று. கஷ்டமில்லாத நாளில் செய்து பழகியது, கஷ்டமான நாளில் கை தானாகச் செய்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் மீன் பிடிப்பதை நிறுத்தவில்லை. படகை எரித்துவிட்டுக் காட்டுக்குப் போகவில்லை. மறுநாளும் வலையை எடுத்துக்கொண்டு அதே கடலுக்குத்தான் போனார். ஹோமத்தில் குருக்கள் நெய்யை விடும்போது, இது இந்தத் தெய்வத்துக்கு, என்னுடையது அன்று என்று பொருள்படச் சொல்லி விடுவாரே, அதை இவர் தினமும் மீனை வைத்துச் செய்திருக்கிறார்.

அதே நாகப்பட்டினத்திலிருந்துதான் நம் தாத்தா பாட்டிகளில் பலர் இந்த நாட்டுக்குக் கப்பல் ஏறினார்கள். 'ரஜுலா' கப்பலைப் பற்றி வீட்டில் கேட்டுப் பாருங்கள். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் ஓடியது. ஒரு தகரப் பெட்டிக்குள் எது போகுமோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் விட்டுவிட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அவர்கள் விட்டு வந்ததில் வீடு இருந்தது, மாடு இருந்தது, அப்பா கையால் வைத்த தென்னை இருந்தது. பெட்டியில் வராததும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இல்லாவிட்டால் இந்த இதழை நீங்கள் தமிழில் படித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

அப்படி வந்து சேர்வது எப்படி? கோயிலில் கும்பாபிஷேகத் திருப்பணி நடக்கும்போது பார்த்திருப்பீர்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வருகிறதே, அது. கருவறையில் வேலை தொடங்குவதற்கு முன்னால் பாலாலயம் செய்வார்கள். மூலவரிடம் இருக்கிற கலைகளை, அதாவது இறையாற்றலை, மந்திரத்தால் கும்பத்து நீருக்கு மாற்றுவார்கள். கலாகர்ஷணம் என்று அதற்குப் பெயர். அந்தக் கும்பத்தை வேறு இடத்தில் வைத்துப் பூஜை தொடரும். அப்புறம்தான் கருவறைக்குள் கொத்தனார் நுழைவார். சின்னப் பிள்ளைகள் "சாமி எங்கம்மா?" என்று கேட்கும். "அங்க இருக்காரு, பாரு" என்று கும்பத்தைக் காட்டுவோம். யாரும் அழுவதில்லை. கல்லை அவமதித்துவிட்டோம் என்றும் யாரும் சொல்வதில்லை. கல்லுக்குள் எது இருந்ததோ அதை முதலில் பத்திரமாக எடுத்துக்கொண்டோமே.

தம்பி, உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதைத்தான். படகுக்கு அப்படி ஒரு சடங்கு ஆகமத்தில் கிடையாது, குருக்களைப் போய்த் தொந்தரவு செய்யாதீர்கள். ஆனால் அந்தப் பலகைக்குள் அப்பா எதுவாக இருக்கிறார் என்று உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். தண்ணீரைப் பார்த்துக் காற்றைப் படிக்கிற கண், அவர். அது உங்களிடம் வந்துவிட்டது. மின்னலைப் பார்த்ததும் 'இன்னிக்கு வேணாம்' என்று திரும்பிப் போகிற பணிவு, அவர். அதுவும் உங்களிடம் இருக்கிறது. இவற்றில் எது இன்னும் உங்களிடம் வந்து சேரவில்லை, எது உங்கள் மகளிடம் போகவில்லை என்று பாருங்கள். அதை எடுக்காமல் விற்றால் ஏதோ திருட்டுக் கொடுத்த மாதிரி இருக்கும். எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது பிளைவுட்டும் சிவப்புத் துணியும்.

உங்கள் அப்பா சொல்லிக்கொடுத்த இன்னொரு விஷயத்தைச் சொன்னீர்கள். அன்றைக்கு அதைக் கேட்டதிலிருந்து என் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பாயை இழுத்துப் பிடிக்கிற கயிற்றைச் சின்னப் படகில் ஒருபோதும் முடிச்சுப் போட்டுக் கட்டக்கூடாது, கையிலேயே பிடித்திருக்கவேண்டும் என்பாராம். திடீரென்று பலமாகக் காற்று அடித்தால் அந்தக் கணமே கயிற்றைத் தளர்த்தவேண்டும். கட்டியிருந்தால், அவிழ்ப்பதற்குள் படகு கவிழ்ந்துவிடும். "கை வலிச்சாலும் புடிச்சுக்கோ, ஆனா கட்டாத." சித்தாந்த வகுப்பில் நான் மூன்று வாரம் எடுத்துச் சொன்னதை அந்தக் கிராணி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சொல்லி முடித்திருக்கிறார்.

சரி, விற்கிறதா வேண்டாமா? மரப்படகு ஓடினால்தான் படகு. கடல் தண்ணீரைவிட மழைத்தண்ணீர்தான் மரத்துக்கு எமன். மூடிய துணிக்குக் கீழே தேங்கி நிற்கிற மழைநீர் பலகையை உளுத்துப் போக வைக்கும். பாய் பூஞ்சை பிடிக்கும். இப்போது மெத்தென்று இருக்கிற இடம் அடுத்த வருடம் ஓட்டையாகும். ஆகவே உங்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: வருகிற ஆயுத பூஜைக்குள் அந்தப் பலகையைச் சரிசெய்து, மாதத்துக்கு ஒரு முறையாவது மகளோடு கடலுக்குப் போக முடியுமா? உண்மையில் முடியும் என்றால், வைத்துக்கொள்ளுங்கள். யார் மாயை என்று சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அப்பா செய்ததை நீங்கள் தொடர்கிறீர்கள், அவ்வளவுதான். முடியாது என்றால், நீங்கள் காப்பாற்றிக்கொண்டிருப்பது படகை இல்லை. அந்த ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் கரையில் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் அன்றைக்குப் பேசிய விதத்தைப் பார்த்தால், முடியாது என்பதுதான் பதில் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் சில காரியங்கள்.

அம்மாவை முதலில் போர்ட்டிக்சனுக்கு அழைத்துப் போங்கள். அவர் அந்தப் படகைக் கடைசியாக எப்போது பார்த்தார்? துணியை விலக்கிக் காட்டுங்கள், மெத்தென்ற இடத்தை அவரே தொட்டுப் பார்க்கட்டும். 'விக்கப்போறேன்' என்று போனில் சொல்வதும் இதுவும் ஒன்றல்ல. தன் வீட்டுக்காரர் ஆசையாக வைத்திருந்த பொருள் உளுத்துப் போவதை எந்த அம்மாவும் விரும்பமாட்டார். "புள்ளைங்க விளையாடட்டும்டா" என்று அவர் வாயிலிருந்தே வரலாம். வராவிட்டால் இன்னும் ஒரு மாதம் பொறுங்கள், வாடகை போனால் போகிறது.

வாங்குகிறவரிடம் பலகை பழுதை மறைக்காதீர்கள். விலையைக் குறைத்துக் கேட்டால் குறைத்துக் கொடுங்கள். வந்த பணத்தைக் கோயிலுக்குக் கொடுத்தால்தான் தோஷம் போகும் என்று யாராவது சொன்னால், இதில் தோஷம் எதுவுமில்லை என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அந்தப் பணத்தில் மகளை நீச்சல் வகுப்பில் சேர்க்கலாம். தாத்தா கொடுத்ததாக இருக்கும்.

ஞாபகத்துக்கு ஏதாவது எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். சுக்கான் பிடியைக் கழற்றிக்கொள்ள ஆசை வரும், அப்பா கை பட்டுப் பட்டு வழுவழுவென்று ஆகியிருக்கும். கூடாது. அது இல்லாமல் அந்தப் பிள்ளைகள் படகை எப்படித் திருப்புவார்கள்? அப்பா பிடித்த அந்தப் பழைய பாய்க்கயிறு இருக்கிறதே, நைந்து போனது. வாங்குகிறவர் எப்படியும் புதுக்கயிறு மாற்றத்தான் வேண்டும். நீங்களே ஒரு புதுக்கயிறு வாங்கிப் போட்டுக் கொடுத்துவிட்டு, பழையதைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்து வாருங்கள். பாசத்தை அறு என்று பேச வந்தவன் கயிற்றையே வைத்துக்கொள்ளச் சொல்கிறானே என்று சிரிக்காதீர்கள். அவிழ்த்துச் சுருட்டி வைத்த கயிறு யாரையும் கட்டாது.

ஒப்படைக்கிற நாளில் காலையிலேயே போய், படகைக் கழுவித் துடைத்து, அப்பா செய்த மாதிரி முகப்பில் மூன்று கோடு விபூதி போட்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்த ஆசிரியர் மலாய்க்காரர், வேறு சமயத்தவர். ஆகவே அவர் வருவதற்கு முன்னால் நீங்களே அதைத் துடைத்துவிடுங்கள், அதுதான் மரியாதை. பிறகு அவரையும் பிள்ளைகளையும் ஒரு முறை கடலுக்கு அழைத்துப் போங்கள். லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும் வேண்டும். தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கம் தெரிகிற தூரம் போதும். தண்ணீர் கருத்து வருகிற இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கயிற்றை அவர்கள் கையில் கொடுத்து, கட்டாமல் பிடிக்கச் சொல்லுங்கள்.

அன்று விடியற்காலையில் சுமத்ரா பக்கம் மின்னல் தெரிந்தால் மட்டும் போகவேண்டாம். ஆசிரியருக்குப் போன் செய்து, அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள்.